ஆகாயத் தொலைவும் பறக்கும் நேரமும்

சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குச் சீட்டு வாங்கிய ஒரு பிரயாணி, இரவு 11.15-க்குப் புறப்பட்டு மறுநாள் காலை 6.05-க்குச் சேர்வதாகவும், திரும்பும்போது இரவு 8 மணிக்குக் கிளம்பி 9.45-க்கே வீடு வந்துவிடுவதாகவும் அதில் அச்சிட்டிருப்பதைக் கண்டு, போவதற்கு ஏழு மணி நேரமும் வருவதற்கு இரண்டு மணி நேரமும் ஆகும்போலும் என்று முடிவு கட்டினால், அவரைக் குறை சொல்வதற்கில்லை. சீட்டில் அச்சாகும் நேரங்கள் யாவும் அந்தந்த ஊர்க் கடிகாரத்தின் நேரங்களே என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. உண்மையில் போவதும் வருவதும் நாலேகால் மணிக்கு முன்பின்னாகவே இருக்கும். இரு நகரங்களின் தொலைவை அளந்து, அதிலிருந்து பறக்கும் நேரத்தை உத்தேசித்து, அதன்பின் சீட்டிலுள்ள நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் முறையை இந்த அத்தியாயத்தில் கிரமமாகச் சொல்கிறோம். சிங்கப்பூர் மார்க்கத்தை எளிய உதாரணமாகவும், லண்டன் மார்க்கத்தைச் சற்றே கடினமான உதாரணமாகவும் எடுத்துக்கொள்வோம்.

வேண்டிய சாமான்கள்

பள்ளிக்கூடங்களில் வைத்திருக்கும் பூகோள உருண்டை ஒன்று, மூன்று முழ நீளமுள்ள தையல் நூல், சென்டிமீட்டர் அளவுகோல், சைன், கொசைன் பொத்தான்கள் உள்ள கல்குலேட்டர் (கைபேசியில் இருப்பதே போதும்), பென்சில், காகிதம். உருண்டை கிடைக்காதவர்கள் அடுத்த பகுதியை விட்டுவிட்டு, கல்குலேட்டர் முறைக்குப் போகலாம். ஆனாலும், ஒரு தடவையாவது நூலைப் பிடித்து அளந்து பார்த்தவருக்கு மார்க்கத்தைப் பற்றி உண்டாகும் தெளிவு, எண்களை மட்டும் தட்டிப் பார்த்தவருக்கு உண்டாவதில்லை என்பது என் அபிப்பிராயம்.

உருண்டையும் நூலும்

1. உருண்டையின் நடுப்பகுதியில், பூமத்திய ரேகையின்மேல் நூலைச் சுற்றி, அதன் சுற்றளவை அளந்துகொள்ளுங்கள். 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருண்டையாயின் இது 94 சென்டிமீட்டர் வரும்.

2. பூமியின் சுற்றளவு ஏறக்குறைய 40,000 கிலோமீட்டர். அதை மேற்கண்ட அளவால் வகுத்தால், ஒரு சென்டிமீட்டர் நூல் ஏறக்குறைய 425 கிலோமீட்டரைக் குறிக்கும் என்று கிடைக்கும். இந்த எண்ணை உருண்டையின் அடித்தட்டிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

3. நூலின் ஒரு முனையைச் சென்னையில் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறுமுனையைப் போகவேண்டிய ஊரின்மேல் வைத்து, தொய்வு சிறிதும் இல்லாதபடி இழுங்கள். இழுத்த நூல் தானாக எந்த வழியில் படிகிறதோ அதுவே மிகக் குறுகிய வழி.

4. இரு விரல்களுக்கு இடைப்பட்ட நூலை அளவுகோலின்மேல் வைத்து அளந்து, 425-ஆல் பெருக்குங்கள். சிங்கப்பூருக்கு ஏறக்குறைய 7 சென்டிமீட்டரும், லண்டனுக்கு 19.5 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகவும் வரும்.

*குறிப்பு:* இரண்டு மில்லிமீட்டர் தொய்வு 85 கிலோமீட்டர் பிழையாகும். ஆகவே மூன்று தடவை அளந்து, மூன்றிலும் குறைந்த அளவை எடுத்துக்கொள்ளுங்கள். நூல் வழி தவறினால் அளவு கூடுமே தவிர, குறைவதற்கு இடமில்லை.

கல்குலேட்டரால் கணக்கிடும் முறை

நூல் தரும் உத்தேசம் போதாது, திட்டமான எண்ணே வேண்டும் என்பவர்களுக்கு இம்முறை. இதன் நிரூபணம் இங்கே நமக்கு அவசியமில்லை. வரிசை பிறழாமல் செய்வதே அவசியம்.

1. இரு விமான நிலையங்களின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் தசம எண்ணாகக் குறித்துக்கொள்ளுங்கள். சென்னை: வடக்கு 12.99, கிழக்கு 80.17. சிங்கப்பூர்: வடக்கு 1.36, கிழக்கு 103.99.

2. தீர்க்கரேகைகளின் வித்தியாசத்தைக் காணுங்கள்: 23.82.

3. இரு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்குங்கள்: 0.2248 × 0.0237 = 0.0053.

4. இரு அட்சரேகைகளின் கொசைன்களையும், தீர்க்கரேகை வித்தியாசத்தின் கொசைனையும் ஒன்றாகப் பெருக்குங்கள்: 0.9744 × 0.9997 × 0.9148 = 0.8912.

5. மூன்றாவது படியின் விடையையும் நான்காவது படியின் விடையையும் கூட்டுங்கள்: 0.8965.

6. எந்தக் கோணத்தின் கொசைன் இது என்று தலைகீழ்க் கொசைன் பொத்தானால் கண்டுபிடியுங்கள்: 26.3 டிகிரி.

7. ஒரு டிகிரிக்கு 111.2 கிலோமீட்டர் வீதம் பெருக்குங்கள்: ஏறக்குறைய 2,925 கிலோமீட்டர்.

இதே வரிசையில் லண்டன் ஹீத்ரோ நிலையத்துக்குக் (வடக்கு 51.47, மேற்கு 0.45) கணக்கிட்டால் 74 டிகிரிக்குச் சிறிது கூடுதலாகக் கிடைத்து, ஏறக்குறைய 8,230 கிலோமீட்டர் என்று முடியும்.

இதில் வழக்கமாக நேரும் பிழைகள்

முதலாவது, கல்குலேட்டர் டிகிரிக் கணக்கில் இராமல் ரேடியன் கணக்கில் இருப்பது. தொடங்குமுன் 60-இன் கொசைனைத் தட்டிப் பாருங்கள், 0.5 வந்தால் சரி, வேறு எது வந்தாலும் அமைப்பை மாற்றுங்கள்.

இரண்டாவது, கிழக்கையும் மேற்கையும் கலந்துவிடுவது. இரு ஊர்களும் கிழக்கே இருந்தால் தீர்க்கரேகைகளைக் கழிக்கவேண்டும். லண்டனைப்போல் ஒன்று மேற்கே இருந்தால் கூட்டவேண்டும். கூட்டுத்தொகை 180-ஐத் தாண்டினால் 360-லிருந்து கழித்து எழுதிக்கொள்ளுங்கள். சிட்னியைப் போன்ற தென்பாதி நகரங்களுக்கு அட்சரேகையைக் கழித்தல் குறியோடு இடவேண்டும்.

மூன்றாவது, மைல் விஷயம். ஆகாய விமானிகள் பேசும் கடல் மைல் 1.852 கிலோமீட்டர், சாலை மைலோ 1.609 கிலோமீட்டர். சென்னை–சிங்கப்பூர் தொலைவு முன்னதில் 1,580-க்குச் சற்றுக் குறைவு, பின்னதில் 1,815-க்குச் சற்று அதிகம். இரண்டையும் ஒன்றென எண்ணிப் பெருக்கியவரின் கணக்கு, ஆறில் ஒரு பங்குக்குக் கிட்டத்தட்டத் தவறிவிடும்.

நான்காவதும் பெரியதுமான பிழை, சுவரில் தொங்கும் தேசப்படத்தின்மேல் அளவுகோலை வைத்து அளப்பது. சிங்கப்பூர் மார்க்கம் பூமத்திய ரேகைக்கு அருகிலேயே போவதால் இப்பிழை கண்ணுக்குத் தெரியாமல் தப்பிவிடும். லண்டன் மார்க்கத்திலோ தப்பாது: மெர்க்கேட்டர் முறைப் படத்தில் சென்னைக்கும் லண்டனுக்கும் நேர்க்கோடு இழுத்து, அந்தக் கோட்டின் வழியாகவே பறந்தால், 8,480 கிலோமீட்டர் பறக்கவேண்டும்; உருண்டையின்மேல் இழுத்த நூல் அதைவிட 250 கிலோமீட்டர் குறைவு. வடக்கே போகப் போக இந்த வித்தியாசம் இன்னும் பெருகும்.

நூல் போகும் வழியும் விமானம் போகும் வழியும்

சிங்கப்பூருக்கு இழுத்த நூல், வங்காள விரிகுடாவைக் குறுக்காகக் கடந்து, பெரிய நிக்கோபாருக்குத் தெற்கே நழுவி, சுமத்திரா தீவின் வடகோடியைத் தொட்டு, மலாக்கா ஜலசந்தியின்மேல் சென்று இறங்கும். விமானமும் ஏறக்குறைய இதே வழியில்தான் போகும். பெரும்பகுதி கடலாதலால் தடை சொல்வோர் குறைவு.

லண்டன் நூலின் கதை வேறு. அது மகாராஷ்டிரம், கட்ச் வழியாகப் பாகிஸ்தானத்தின் பலுசிஸ்தானத்தில் புகுந்து, ஈரானைக் கடந்து, பாகூ நகரத்தை அடுத்த காஸ்பியன் கடலில் தன் பாதி வழியை எட்டி, ருஷ்யாவின் தென்பகுதி, உக்ரேன், போலந்து என்று நீள்கிறது. உலகத்தின் சச்சரவுகளையெல்லாம் தேடித் தேடித் தொடுவதுபோல் அமைந்த வழி! உக்ரேன் ஆகாயம் 2022 பிப்ரவரியில் சிவில் விமானங்களுக்கு மூடப்பட்டது. பாகிஸ்தான் ஆகாயம் 2019-இல் சில மாதங்கள் மூடப்பட்டிருந்தது, 2025 ஏப்ரலில் இந்திய விமானங்களுக்கு மறுபடியும் மூடப்பட்டது. ஆகவே விமானங்கள் அரபிக் கடல், வளைகுடா, துருக்கி என்று தெற்கே வளைந்து போவது சாதாரணமாகிவிட்டது.

*குறிப்பு:* தடையற்ற கடல் மார்க்கங்களுக்கு நூல் அளவோடு நூற்றுக்கு இரண்டு பங்கும், பல தேசங்களின்மேல் செல்லும் நீண்ட மார்க்கங்களுக்கு ஐந்து பங்கும் சேர்த்துக்கொள்வது என் வழக்கம். லண்டனுக்கு அப்படிச் சேர்த்தால் ஏறக்குறைய 8,640 கிலோமீட்டர் ஆகும். போர்ச் செய்தி வந்துகொண்டிருக்கும் காலங்களில் இந்த ஐந்தும் போதாது.

தொலைவிலிருந்து நேரத்தைக் காணல்

1. விமானத்தின் வேகத்தை உத்தேசியுங்கள். ஒரே நடைபாதையுடைய நடுத்தர விமானங்களுக்கு மணிக்கு 830 முதல் 850 கிலோமீட்டரும், நீண்ட தூரம் செல்லும் அகன்ற விமானங்களுக்கு 900 கிலோமீட்டரும் கொள்ளலாம்.

2. தொலைவை வேகத்தால் வகுங்கள். சிங்கப்பூருக்கு 2,925-ஐ 850-ஆல் வகுக்க 3.44 வரும். இது 3 மணி 44 நிமிஷம் அன்று! தசமப் பகுதியை 60-ஆல் பெருக்க, 3 மணி 26 நிமிஷம் என்று தெரியும். இந்த இடத்தில் படித்தவர்களும் சறுக்குகிறார்கள்.

3. மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் வேகம் குறைவாதலால் 30 நிமிஷம் சேருங்கள். 3 மணி 56 நிமிஷம்.

4. விமானம் நிற்குமிடத்திலிருந்து நகர்ந்து ஓடுபாதைக்குச் செல்வதும், இறங்கியபின் ஊர்ந்து நிலையத்தை அடைவதும் சேர்ந்து 20 முதல் 25 நிமிஷம். ஆக 4 மணி 20 நிமிஷம். நாம் மேலே கண்ட சீட்டின் கணக்கும் அதுவே.

சீட்டில் குறிக்கும் புறப்பாடு சக்கரம் தரையை விட்டு எழும் நேரம் அன்று, விமானம் தன் இடத்தை விட்டு அசையும் நேரம்; வரவும் அப்படியே. விமானத்துக்குள், இன்னும் நாலு மணிக்குச் சற்றுக் குறைவான நேரத்தில் சேருவோம் என்று விமானி அறிவிக்கும்போது, சீட்டு நாலேகால் சொல்கிறதே என்று சந்தேகப்பட வேண்டாம். இரண்டும் வெவ்வேறு கணக்குகள்.

காற்றின் கணக்கு

ஆகாயத்தில் ஒன்பது முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வீசும் ஜெட் காற்றோட்டம், விமானத்துக்கு ஒருபுறம் நண்பனாகவும் மறுபுறம் பகைவனாகவும் விளங்குகிறது. ஜப்பானிய வானிலை அறிஞர் வாசபுரோ ஓயிஷி 1920-களிலேயே பலூன்களைப் பறக்கவிட்டு இதை அளந்திருந்தார்; உலகமெல்லாம் படிக்கட்டும் என்று எஸ்பெராண்டோ பாஷையில் அவர் வெளியிட்டதனாலேயே அநேகமாக ஒருவரும் படிக்காமற் போயிற்று. 2020 பிப்ரவரியில் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்குப் பறந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று, புயல் கிளப்பிய பின்காற்றின் தயவால், சாதாரணமாக ஆறு மணிக்குமேல் பிடிக்கும் பிரயாணத்தை 4 மணி 56 நிமிஷத்தில் முடித்தது.

காற்றைக் கணக்கில் சேர்க்கும் விதம் இது:

1. மேற்கே போகும்போது விமான வேகத்திலிருந்து 50 கிலோமீட்டரைக் கழியுங்கள். கிழக்கே வரும்போது 50-ஐக் கூட்டுங்கள். ஆண்டுச் சராசரிக்கு இது போதும். குளிர்காலத்தில் 70, 80 என்றும் கொள்ளலாம்.

2. லண்டனுக்குப் போக: 8,640-ஐ 850-ஆல் வகுக்க 10 மணி 10 நிமிஷம், ஏற்ற இறக்கத்துக்கு 30, தரையில் ஊர்வதற்கு 20 சேர்த்து 11 மணி.

3. திரும்பி வர: 8,640-ஐ 950-ஆல் வகுக்க 9 மணி 6 நிமிஷம், அவ்விரண்டையும் சேர்க்க 10 மணிக்குச் சிறிது குறைவு.

ஒரே வழி, ஒரே விமானம். போக்குக்கும் வரவுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம். போன நேரமே திரும்பவும் ஆகும் என்று எண்ணி, லண்டனிலிருந்து வருபவரை அழைத்துவர வண்டி சொல்லிவைப்பவர்கள், வந்தவரை வாசலில் காக்கவைக்கிறார்கள்.

நம் தென்னாட்டின்மேல் ஒரு விசேஷம் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் தீபகற்பத்துக்கு மேலே உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக எதிர்த்திசை ஜெட் ஒன்று ஓடுகிறது. இந்திய வானிலை அறிஞர் பி. கோடீஸ்வரம் 1950-களில் இதை ஆராய்ந்து உலகத்துக்கு அறிவித்தார். ஆகவே ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் சிங்கப்பூருக்கு மேற்சொன்ன சூத்திரத்தைப் போடாதீர்கள். அப்போது போகும்போதுதான் சில நிமிஷங்கள் கூடும், வரும்போது குறையும்.

கடிகாரக் கணக்கு

சீட்டிலுள்ள இரு நேரங்களிலிருந்து பிரயாண நேரத்தைக் காண்பதற்கு, கூட்டுவதா கழிப்பதா என்று மனத்தில் தடுமாறாமல், இரண்டையும் கிரீன்விச் நேரத்துக்கு மாற்றிவிடுவதே உத்தமம்.

1. சென்னை நேரத்திலிருந்து 5 மணி 30 நிமிஷம் கழியுங்கள். இரவு 11.15 என்பது கிரீன்விச்சில் மாலை 5.45.

2. சிங்கப்பூர் நேரத்திலிருந்து 8 மணி கழியுங்கள். காலை 6.05 என்பது கிரீன்விச்சில் முந்தின நாள் இரவு 10.05.

3. பின்னதிலிருந்து முன்னதைக் கழியுங்கள்: 4 மணி 20 நிமிஷம்.

4. திரும்பும் சீட்டுக்கும் அப்படியே: இரவு 8 மணி, பகல் 12 ஆகிறது, சென்னையின் இரவு 9.45, மாலை 4.15 ஆகிறது, வித்தியாசம் 4 மணி 15 நிமிஷம்.

லண்டன் விஷயத்தில் இன்னொரு சிக்கல். மார்ச் மாதக் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறு வரையில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைக்கிறார்கள். ஆகையால் நமக்கும் அவர்களுக்கும் உள்ள வித்தியாசம் குளிர்காலத்தில் ஐந்தரை மணி, கோடையில் நாலரை மணி. சென்னையில் காலை 5.30-க்குக் கிளம்பி 11 மணி நேரம் பறக்கும் விமானம், ஜனவரியில் லண்டன் கடிகாரப்படி முற்பகல் 11-க்கும், ஜூலையில் நண்பகல் 12-க்கும் சேரும். விமானம் தாமதமாக ஓடியது என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. மாற்றம் நிகழும் அந்த ஞாயிற்றுக்கிழமையை ஒட்டிச் சீட்டு வாங்குபவர்கள், போகும் தேதிக்கும் திரும்பும் தேதிக்கும் தனித்தனியே கணக்குப் போடவேண்டும்.

நடுராத்திரிச் சீட்டு: மிக முக்கியமான எச்சரிக்கை

சென்னையிலிருந்து வெளிநாடு செல்லும் விமானங்களில் கணிசமானவை நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையே கிளம்புகின்றன. 15-ஆம் தேதி 00.30 மணி என்று சீட்டில் இருந்தால், நீங்கள் வீட்டை விட்டுப் புறப்படவேண்டியது 14-ஆம் தேதி மாலை. 15-ஆம் தேதி இரவு சாப்பாட்டை முடித்துக்கொண்டு, மாலையும் கையுமாக வழியனுப்ப வந்த உறவினர்களோடு நிலையம் போய்ச் சேர்பவரின் விமானம், முந்தின இரவே போயிருக்கும். எவ்வளவு கற்றவரானாலும் ஒருவேளை அகப்பட்டுக்கொள்ளும் கண்ணி இது.

1. சீட்டு கைக்கு வந்தவுடன் புறப்படும் நேரத்திலிருந்து மூன்று மணி பின்னோக்கி எண்ணி, நிலையத்தில் இருக்கவேண்டிய நேரத்தைக் கிழமையோடு எழுதுங்கள்: “14, செவ்வாய், இரவு 9.30” என்பதுபோல.

2. வீட்டிலிருந்து நிலையத்துக்கு ஆகும் நேரத்தை அதிலிருந்து கழித்து, கிளம்பும் நேரத்தை எழுதுங்கள். மழைக்காலத்தில் ஒரு மணி அதிகமாகவே வையுங்கள்.

3. சேரும் நேரத்தின் பக்கத்தில் +1 என்ற சிறு குறி இருக்கிறதா என்று பாருங்கள். அது மறுநாள் சேருவதைக் குறிக்கும். சேருமிடத்து விடுதி அறையை அந்தத் தேதிக்கே பதிவு செய்யவேண்டும்.

இடையில் மாறிச் செல்வோர்க்கு

நேர் விமானத்தை விட்டு, துபாய் வழியாக லண்டன் போவது பெருஞ்சுற்று என்று பலர் எண்ணுகிறார்கள். அளந்து பாருங்கள்: சென்னை–துபாய் ஏறக்குறைய 2,930 கிலோமீட்டர், துபாய்–லண்டன் 5,500, ஆக 8,430. நேர்வழியை விட 200 கிலோமீட்டரே அதிகம், அதாவது கால் மணி நேரப் பறப்பு. (துபாயும் சிங்கப்பூரும் சென்னைக்கு அநேகமாகச் சம தூரத்தில் இருப்பதையும் கவனித்திருப்பீர்கள்.) சிங்கப்பூர் வழியாகவே லண்டன் போனாலோ மொத்தம் 13,800 கிலோமீட்டருக்கு வரும், விலை மலிவென்று அதை வாங்குமுன் யோசியுங்கள்.

சுற்றில் போகும் நேரம் வானத்தில் கூடுவதில்லை, தரையில்தான் கூடுகிறது. இரண்டாவது ஏற்ற இறக்கத்துக்கும் தரை ஊர்தலுக்கும் சேர்த்து 50 நிமிஷம், காத்திருப்பு தனி. இரண்டு விமானங்களும் ஒரே சீட்டில் இருந்தால் இரண்டு மணி இடைவெளி பெரும்பாலும் போதும். தனித்தனிச் சீட்டாக வாங்கியிருந்தால், முதல் விமானம் தாமதமானதற்கு இரண்டாவது கம்பெனி பொறுப்பேற்காது. குறைந்தது ஐந்து மணி விடுங்கள், மூட்டைகளை எடுத்து மறுபடி ஒப்படைக்க அந்த ஊர் விசா வேண்டுமா என்பதையும் முன்னதாகவே விசாரியுங்கள்.

உடம்பைப் பற்றிய எச்சரிக்கைகள்

பறக்கும் நேரத்தைத் துல்லியமாக அறிய வேண்டியவர்களில் முதன்மையானவர்கள், வேளை தவறாமல் மருந்து உட்கொள்பவர்கள்.

1. மருந்து வேளைகளைச் சேருமிடத்துக் கடிகாரப்படி மாற்றாமல், கடைசியாக உட்கொண்ட வேளையிலிருந்து எத்தனை மணி கழிந்தது என்று எண்ணி, ஓர் அட்டையில் இரு ஊர் நேரத்தையும் எழுதி, வைத்தியரிடம் காட்டி ஒப்புதல் பெறுங்கள். இன்சுலின் போடுபவர்களுக்கு இது கட்டாயம். மேற்கே போகும்போது நாள் நீளுகிறது, கிழக்கே வரும்போது குறுகுகிறது.

2. இன்சுலினையும் அன்றாட மருந்துகளையும் கைப்பையிலேயே வையுங்கள். சரக்கறையில் போடும் பெட்டிக்குள் குளிரால் உறைந்துவிடக்கூடும். பெட்டியே வழிதவறவும் கூடும்.

3. நான்கு மணிக்கு மேற்பட்ட பிரயாணங்களில் கால் இரத்த நாளங்களில் இரத்தம் உறையும் அபாயம் அதிகரிப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் ஆராய்ச்சி 2007-இல் தெரிவித்தது. சிங்கப்பூர் பிரயாணமே இந்த எல்லையைத் தொடுகிறது. மணிக்கொரு முறை கணுக்காலைச் சுழற்றுங்கள், எழுந்து நடங்கள், தண்ணீர் குடியுங்கள். முன்பே இந்த நோய் கண்டவர்களும் கர்ப்பிணிகளும் அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களும் வைத்தியரைக் கேட்காமல் சீட்டு வாங்க வேண்டாம்.

4. இரவெல்லாம் பறந்து காலையில் இறங்குபவர், இறங்கிய கையோடு தாமே கார் ஓட்டக்கூடாது. காலை 6 மணி என்று சிங்கப்பூர்க் கடிகாரம் காட்டும்போது உங்கள் உடம்புக்கு மணி இன்னும் 3.30 தான்.